சிட்ரிக் அமிலம்: உணவிலும் அழகுசாதனத்திலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாம் பாட்டில் லேபிளில் இருக்கும் அதே பெயர் ஷாம்பூ பாட்டிலின் பின்பக்கமும் இருப்பதைப் பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிடுகிற பொருளிலும் தலைக்குத் தேய்க்கிற பொருளிலும் போடுவது ஒரே அமிலமா?" என்பதுதான். ஆமாம், ஒரே பொருள்தான். அதையொட்டி வரும் மற்றக் கேள்விகளையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வீட்டில் ஜாம், சோப்பு, ஷாம்பூ செய்து பார்ப்பவர்களுக்குத் தேவையான அளவுகளையும் முடிந்தவரை கொடுத்திருக்கிறேன்.

சிட்ரிக் அமிலம் என்றால் என்ன?

வெள்ளை நிறப் படிகத் தூள். மணம் கிடையாது. நாக்கில் வைத்தால் சுருக்கென்று புளிக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி, தக்காளி ஆகியவற்றின் புளிப்பில் பெரும்பங்கு இதனுடையது. 6 கார்பன், 8 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு இது. அதில் கார்பாக்சில் எனும் அமிலத் தொகுதிகள் 3 இருக்கின்றன.

அந்த மூன்று தொகுதிகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, ஹைட்ரஜன் அயனிகளை விட்டுக்கொடுத்துக் கரைசலை அமிலமாக்குவது, அதாவது பிஎச் அளவைக் குறைப்பது (பிஎச் என்பது அமில-கார அளவுகோல்; 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலத் தன்மை கூடும்). இன்னொன்று, கால்சியம், இரும்பு, செம்பு போன்ற உலோக அயனிகளை நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோலப் பிடித்துக்கொள்வது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஜாம் உறைவது, வெட்டிய ஆப்பிள் கறுக்காமல் இருப்பது, ஷாம்பூ கெடாமல் இருப்பது, கெட்டிலில் படிந்த உப்பு கரைவது எல்லாமே இவற்றில் ஏதாவது ஒன்றால், அல்லது இரண்டும் சேர்ந்து நடப்பதுதான்.

எலுமிச்சையைப் பிழிந்துதான் இதை எடுக்கிறார்களா?

ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். 1784-இல் சுவீடனில் மருந்தாளராக இருந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதை முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தார். சாற்றில் சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் சிட்ரேட் என்ற கரையாத உப்பு அடியில் தங்கும். அதை வடிகட்டி எடுத்துக் கந்தக அமிலம் சேர்த்தால், கால்சியம் ஜிப்சமாகப் பிரிந்துபோக, சிட்ரிக் அமிலம் கரைசலில் மிஞ்சும். 19-ஆம் நூற்றாண்டில் இந்த முறையில் ஒரு பெரிய தொழிலே வளர்ந்தது. இத்தாலி, குறிப்பாக சிசிலித் தீவு, எலுமிச்சையிலிருந்து கால்சியம் சிட்ரேட் தயாரித்து உலகுக்கு அனுப்பியது.

அப்புறம்தான் பூஞ்சை வந்தது. சர்க்கரைக் கரைசலில் வளரும் ஒருவகைப் பூஞ்சை சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கிறது என்று 1893-இல் ஜெர்மானியரான கார்ல் வேமர் காட்டினார். ஆனால் தொழிற்சாலை அளவுக்கு அது எடுபடவில்லை. 1917-இல் அமெரிக்க உணவு வேதியியலாளர் ஜேம்ஸ் கரி, அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது என்று கண்டறிந்தார். முதல் உலகப் போரால் இத்தாலியிலிருந்து வரும் சரக்கு தடைபட்டிருந்த நேரம் அது. 1919-இல் ஃபைசர் நிறுவனம் இந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று உலகில் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கும் மேல் தயாராகிறது. அநேகமாக முழுவதும் இந்தப் பூஞ்சையின் உழைப்புதான். மிக அதிகமாக உற்பத்தி செய்யும் நாடு சீனா.

அந்தத் தயாரிப்பு முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கழிவுப்பாகு அல்லது மாவுச்சத்திலிருந்து எடுத்த சர்க்கரைக் கரைசலில் பூஞ்சையை வளர்க்கிறார்கள். அதில் மாங்கனீஸ் மிகக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சத்து கிடைக்காதபோது பூஞ்சை சர்க்கரையை முழுவதும் வளர்ச்சிக்குச் செலவழிக்காமல் சிட்ரிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. கடைசியில் அமிலத்தைப் பிரித்தெடுக்கப் பல ஆலைகளில் இன்றும் பயன்படுத்துவது சுண்ணாம்பும் கந்தக அமிலமும்தான். 230 ஆண்டுகளுக்கும் மேலாகியும் ஷீலேயின் வழி மாறவில்லை.

அப்படியென்றால் அந்தத் தூளில் பூஞ்சை கலந்திருக்குமா?

பூஞ்சை இழைகளை முதலிலேயே வடிகட்டி நீக்கிவிடுகிறார்கள். பிறகு அமிலத்தை உப்பாக மாற்றி, மறுபடி அமிலமாக்கி, நிறம் நீக்கிப் படிகமாக்குகிறார்கள். இத்தனை படிகளைத் தாண்டி வருவதால், உணவுத் தரம் என்று குறிப்பிட்டு விற்கும் தூளில் இருப்பது அநேகமாக முழுவதும் சிட்ரிக் அமில மூலக்கூறுதான். பழத்தில் உள்ளதற்கும் இதற்கும் மூலக்கூறு அளவில் வித்தியாசம் இல்லை. விலங்குப் பொருள் எதிலிருந்தும் எடுப்பதில்லை என்பதால் சைவ உணவுக்காரர்களும் தயங்க வேண்டியதில்லை.

இதுவும் வைட்டமின் சி-யும் ஒன்றுதானே?

இல்லை. வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம். இரண்டும் எலுமிச்சையில் இருக்கின்றன, இரண்டும் புளிக்கின்றன. ஒற்றுமை அத்தோடு சரி. இந்தக் குழப்பம் கப்பல் மாலுமிகளைப் பாதித்த ஸ்கர்வி நோயின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து நோயாளிகளைத் தேற்றினார். ஆனால் நோயைக் குணப்படுத்துவது புளிப்புதான் என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. வைட்டமின் சி அற்ற வெறும் சிட்ரிக் அமிலத்துக்கு ஸ்கர்வியைத் தடுக்கும் ஆற்றல் இல்லை.

ஆகவே லேபிளில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது என்பதற்காக ஒரு பானத்தில் வைட்டமின் சி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டிய பழத்தின் நிறத்தைக் காக்க இரண்டையும் சேர்ப்பதுண்டு. அங்கேயும் இரண்டின் வேலை வேறு வேறு.

உணவில் இதை எதற்காகச் சேர்க்கிறார்கள்? புளிப்புக்கு மட்டும்தானா?

புளிப்பு முக்கியமான காரணம்தான். குளிர்பானம், மிட்டாய், பழச்சாறு எல்லாவற்றிலும் சர்க்கரையின் திகட்டலைச் சமன்செய்ய இது வேண்டும். வினிகரைப் போல மூக்கில் ஏறும் நெடி இல்லாததால் பழச்சுவைகளோடு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் புளிப்பைத் தாண்டிய வேலைகள்தான் கவனிக்க வேண்டியவை.

ஜாம் எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தில் உள்ள பெக்டின் என்ற ஜெல் பொருள் உறைய வேண்டுமென்றால் நிறையச் சர்க்கரை வேண்டும், கூடவே பிஎச் ஏறத்தாழ 2.8-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். புளிப்புக் குறைந்த பழமானால் எவ்வளவு காய்ச்சினாலும் பாகாகவே நிற்கும். அந்த இடத்தில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போட்டால் உறைந்துவிடும். அதை முடிந்தவரை கடைசியில் சேருங்கள். அமிலத்தோடு நீண்ட நேரம் கொதித்தால் பெக்டின் சிதைந்து, உறைய வேண்டியது இளகிப்போகும். கடினமான மிட்டாய்க்கும் இதே விதிதான். கொதிக்கும் பாகில் அமிலம் போட்டால் சர்க்கரை குளுக்கோசும் ஃபிரக்டோசுமாக உடைந்து, மிட்டாய் கையில் ஒட்டும். பாகை இறக்கிச் சற்று ஆறவிட்ட பிறகு அமிலத்தைச் சேர்த்துப் பிசைவதற்குக் காரணம் இதுதான்.

வெட்டிய ஆப்பிள், வாழை, உருளை பழுப்பாவது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியால். அந்த நொதியின் நடுவில் செம்பு அணுக்கள் இருக்கின்றன. சிட்ரிக் அமிலம் பிஎச்சைக் குறைத்து நொதியை மந்தமாக்குகிறது, செம்பையும் கவ்வப் பார்க்கிறது. மேலே சொன்ன இரண்டு வேலைகளும் ஒரே இடத்தில் நடக்கின்றன. சமையல் எண்ணெயிலும் மிகச் சிறு அளவில் இதைச் சேர்ப்பதுண்டு. எண்ணெயில் துளியளவு இரும்போ செம்போ இருந்தாலும் சிக்கு வாடை சீக்கிரம் வரும். அந்த உலோகத்தைப் பிடித்துவைத்தால் எண்ணெய் கூடுதல் நாள் தாங்கும்.

பாலைத் திரிக்கவும் இது நல்ல பொருள். பாலில் உள்ள கேசீன் புரதம் பிஎச் 4.6 அருகே வரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். 1 லிட்டர் பாலுக்குச் சுமார் 2 கிராம் போதும். அதை வெந்நீரில் கரைத்து, சூடான பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பச்சை கலந்த தெளிந்த நீர் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் கட்டி இறுகிப் புளிக்கும். எலுமிச்சைச் சாறு பழத்துக்குப் பழம் மாறும். தூளில் அந்தப் பிரச்சினை இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும்.

சோடியம் சிட்ரேட் என்று லேபிளில் வருவது என்ன?

சிட்ரிக் அமிலத்தின் சோடியம் உப்பு. உருக்கிய சீஸ் எண்ணெய் தனியாகப் பிரியாமல் வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் இது. கேசீனோடு சேர்ந்திருக்கும் கால்சியத்தை இது இழுத்துக்கொள்வதால் புரதம் இளகி, கொழுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் இந்த வழியில்தான் பதப்படுத்திய சீஸை உருவாக்கினார்கள். வீட்டிலேயே தயாரிக்க வேண்டுமென்றால் 10 கிராம் சிட்ரிக் அமிலத்துக்கு 13 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் தண்ணீரில் சேருங்கள். நுரை அடங்கியதும் கிடைப்பது சோடியம் சிட்ரேட் கரைசல்.

இதே கால்சியம் பிடிக்கும் குணத்தால்தான் தானமாகப் பெறும் இரத்தம் பையில் உறையாமல் இருக்கிறது. இரத்தம் உறையக் கால்சியம் தேவை. சிட்ரேட் அதை முடக்கிவிடும். 1914-இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டினும், அதே ஆண்டு அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த இரத்தத்தை மனிதருக்கு ஏற்றிக் காட்டினார்கள். உணவுக்கும் அழகுக்கும் சம்பந்தமில்லாத செய்திதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வீட்டில் தக்காளியைப் பாட்டிலில் அடைத்து வைக்கும்போது சேர்க்கச் சொல்கிறார்களே, அவசியமா?

அவசியம். இதில் சமரசம் வேண்டாம். காற்றுப் புகாத பாட்டிலில், பிஎச் 4.6-க்கு மேல் இருக்கும் உணவில், கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். தக்காளியின் பிஎச் அந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. சில ரகங்களும் நன்கு பழுத்தவையும் அதைத் தாண்டிவிடும். அதனால் அரை லிட்டர் பாட்டிலுக்குக் கால் தேக்கரண்டி, 1 லிட்டர் பாட்டிலுக்கு அரை தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் சர்க்கரை கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்; அமிலத்தைக் குறைக்காதீர்கள். அமிலம் சேர்த்தாலும், பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கும் நேரத்தைச் சுருக்கக் கூடாது.

எலுமிச்சைச் சாற்றுக்குப் பதிலாக எவ்வளவு தூள் போடலாம்?

எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருக்கும். அதாவது 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் தூளைக் கரைத்தால் எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்குப் பக்கத்தில் வரும். மணம் மட்டும் வராது. ஒரு மேசைக்கரண்டி சாறுக்கு முக்கால் கிராம் போதும். ஒரு தேக்கரண்டித் தூள் 4 அல்லது 5 கிராம் இருக்கும் என்பதால் அது கிட்டத்தட்ட 80 முதல் 100 மில்லி சாற்றுக்குச் சமம். கரண்டிக்குக் கரண்டி மாற்றிப் போடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

இ330 புற்றுநோயை உண்டாக்கும் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதே?

இ330 என்பது ஐரோப்பிய எண் வரிசையில் சிட்ரிக் அமிலத்துக்குரிய எண். அந்தப் பட்டியல் இன்று நேற்று வந்ததல்ல. 1976-இல் பிரான்சில் கைப்பிரதியாகப் பரவத் தொடங்கியது. வில்ஜூயிஃப் நகரில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டது என்று அதில் போட்டிருந்தார்கள். அந்த மருத்துவமனை தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மறுத்தது. ஆனாலும் படியெடுத்துப் படியெடுத்து அது நாடு தாண்டிப் போய்விட்டது. அந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது என்று குறிப்பிட்டிருந்தது இ330-ஐத்தான்.

உண்மையில் இது நம் ஒவ்வொரு செல்லிலும் நொடிதோறும் உருவாகி எரியும் பொருள். உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேதிச் சுழற்சிக்கே சிட்ரிக் அமிலச் சுழற்சி என்று பெயர். 1937-இல் அதை விளக்கிய ஹான்ஸ் கிரெப்ஸ் 1953-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு மனித உடலில் நாளொன்றுக்குச் சுமார் 2 கிலோ சிட்ரிக் அமிலம் உருவாகிச் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சேர்க்கைப் பொருள்களை மதிப்பிடும் சர்வதேச வல்லுநர் குழு இதற்கு தினசரி உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை.

பயப்பட ஒன்றுமே இல்லையா?

பல்லைப் பற்றிப் பயப்படலாம், அது நியாயமான பயம். வாயில் பிஎச் 5.5-க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையத் தொடங்கும். சிட்ரிக் அமிலம் அமிலமாக அரிப்பதோடு நிற்காமல் எனாமலில் உள்ள கால்சியத்தையும் பிடித்து இழுக்கும். புளிப்பு மிட்டாயை வாயில் ஒதுக்கி வைத்துச் சப்புவதும், புளிப்பான பானத்தை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதும்தான் உண்மையான கெடுதல். குடிப்பதானால் ஒரேயடியாகக் குடித்துவிட்டு வாயைத் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம். இளகியிருக்கும் எனாமலைத் தேய்த்து எடுத்ததாகிவிடும். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள்.

நெஞ்செரிச்சல், வாய்ப்புண் உள்ளவர்களுக்கும் புளிப்பு உறுத்தும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைக் கேள்விப்பட்டுக் கேட்பதுண்டு. சிறுநீரில் உள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக் கல் சேராமல் தடுக்கிறது என்பது உண்மைதான். மருத்துவர்கள் அதற்காகப் பொட்டாசியம் சிட்ரேட் எழுதித் தருகிறார்கள். ஆனால் அது அளவு பார்த்து, இரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துத் தரும் மருந்து. தூளைக் கரைத்துக் குடித்து நாமே வைத்தியம் செய்துகொள்வது சரியல்ல.

ஷாம்பூ, கிரீம் லேபிளில் கடைசியில் இருக்கிறதே, அங்கே என்ன வேலை?

கடைசியில் இருக்கிறது என்றால் மிகக் குறைந்த அளவு என்று பொருள். அந்த அளவில் அது தோலுக்கு நேரடியாக எதுவும் செய்வதில்லை, தயாரிப்பின் பிஎச்சைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருகிறது. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது, பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் தயாரிப்புதான் தோலுக்கு இதம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் இரண்டும் அமில நிலையில்தான் வேலை செய்யும். பிஎச் 7-இல் அவற்றைப் போட்டால் போட்டும் போடாததும் ஒன்றுதான். சில நாளில் பூசணம் எட்டிப் பார்க்கும். வீட்டில் ஷாம்பூ செய்பவர்கள் அடிக்கடி பயன்படுத்தும் டெசில் குளுக்கோசைடு என்ற நுரைப்பொருளின் பிஎச் 11.5-க்கும் மேல் இருக்கும். அதைத் தண்ணீரில் கலந்து பாதுகாப்புப் பொருளைச் சேர்த்துவிட்டு, பிஎச் பார்க்காமல் பாட்டிலில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். அந்த ஷாம்பூ கண்ணையும் எரிக்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.

சரி, எப்படிச் சரிசெய்வது? தூளை நேரடியாகக் கொட்டாதீர்கள். 10 கிராம் தூளை 90 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பூவில் அதைச் சொட்டு சொட்டாக விட்டு, நன்றாகக் கலக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். முதலில் பல சொட்டு விட்டும் தாள் நிறம் அசையாது. 8-லிருந்து கீழே இறங்கத் தொடங்கிய பிறகு இரண்டு மூன்று சொட்டிலேயே மளமளவென்று விழும். பொறுமை வேண்டியது அந்த இடத்தில்தான். தாளின் நிறம் 5-க்கும் 5.5-க்கும் இடையில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கோகமிடோபுரோபைல் பீட்டைன் என்ற நுரைப்பொருள் கலந்த ஷாம்பூவாக இருந்தால், பிஎச் இறங்க இறங்க அது கெட்டியாவதையும் கரண்டியில் உணரலாம். கார்போமர் என்ற கெட்டியாக்கும் பொருளில் செய்த ஜெல்லில் நேர்மாறாக நடக்கும், அமிலம் கூடினால் ஜெல் நீர்த்துவிடும்.

முகத்துக்கு நல்லது என்கிறார்களே? ஏஎச்ஏ வகைதானே?

ஆம், ஆல்ஃபா ஹைட்ராக்சி அமில வகையில் இதையும் சேர்ப்பதுண்டு. கிளைகாலிக், லாக்டிக் அமிலங்களைப் போல இதுவும் போதுமான செறிவில், போதுமான அமில நிலையில் தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களைத் தளர்த்தும். ஆனால் இதன் மூலக்கூறு கிளைகாலிக் அமிலத்தைவிடப் பெரியது. அந்த வேலைக்குத் தயாரிப்பாளர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது கிளைகாலிக் அல்லது லாக்டிக் அமிலத்தைத்தான். அவற்றுக்கே, வீட்டில் தினமும் பயன்படுத்தும் பொருளில் 10 சதவீதத்துக்கு மிகாமல், பிஎச் 3.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அழகுசாதன மதிப்பாய்வுக் குழு வரையறுத்திருக்கிறது. இந்த வகை அமிலம் எதைத் தடவினாலும் தோல் வெயிலில் எளிதாகக் கன்றும் என்பதால் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

தூளைத் தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 1 லிட்டர் தூய நீரில் வெறும் 1 கிராம் கரைத்தாலே பிஎச் 3-க்குக் கீழே போய்விடும். குழைத்த பசை அதைவிட எத்தனையோ மடங்கு செறிவானது.

அப்படியானால் எலுமிச்சையைத் தேய்க்கலாமா?

அது இன்னும் மோசம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-க்கும் 2.6-க்கும் இடையில் இருக்கும். அதோடு எலுமிச்சை வகைப் பழங்களில், குறிப்பாகப் பழத்தோலில், ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் உண்டு. அவை தோலில் பட்டபின் வெயில் விழுந்தால், ஓரிரு நாளில் தீப்பட்டதுபோலச் சிவந்து கொப்புளம் வரும். பிறகு அந்த இடம் கருத்து, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மறையாது. முகத்தை வெளுப்பாக்க நினைத்துச் செய்தது கரும்புள்ளியில் முடியும். தூய சிட்ரிக் அமிலத் தூளில் ஃபியூரனோகூமரின் கிடையாது. ஆகவே லேபிளில் சிட்ரிக் அமிலம் உள்ள கிரீமுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

தலை குளித்தபின் கடைசியாக இதில் அலசினால் முடி பளபளக்குமா?

உப்புத் தண்ணீரில், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த கடின நீரில் குளிப்பவர்களுக்கும், தலைக்குச் சோப்பு போடுபவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். சோப்பும் கால்சியமும் சேர்ந்து முடியில் பிசுக்காகப் படிவதை இது கரைக்கிறது. காரத்தால் தூக்கி நிற்கும் முடியின் செதில்கள் படிகின்றன. ஒரு லிட்டருக்கு அரை கிராம் முதல் 1 கிராம் வரை போதும். கண்ணில் படாமல் அலசி, பிறகு வெறும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். பிஎச் சரிசெய்த ஷாம்பூவும் கண்டிஷனரும் பயன்படுத்துபவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை.

சோப்பு செய்யும்போது சேர்த்தால் சோப்பின் பிஎச் 5.5 ஆகுமா?

ஆகாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உண்டாகும் சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். அதை 5.5-க்கு இறக்கினால் சோப்பு சோப்பாக இருக்காது, கொழுப்பு அமிலமாகத் திரிந்து பிரியும். சோப்பில் சிட்ரிக் அமிலம் சேர்ப்பது வேறு காரணத்துக்காக: அது காஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட்டாகி, கடின நீரில் வாளியிலும் தரையிலும் ஒட்டும் சோப்புக் கறையைக் குறைக்கும்.

இங்கே கணக்கு தவறினால் சோப்பு கெட்டுவிடும். நீரற்ற சிட்ரிக் அமிலம் 1 கிராம் 0.62 கிராம் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும். 500 கிராம் எண்ணெய்க்கு 2 சதவீதம், அதாவது 10 கிராம் அமிலம் சேர்த்தால், வழக்கமான அளவுக்கு மேல் 6.2 கிராம் காஸ்டிக் கூட வேண்டும். இல்லையென்றால் அந்த அளவு எண்ணெய் சோப்பாக மாறாமல் நின்று, கட்டி மென்மையாகிச் சிக்கு வாடை அடிக்கும். அமிலத்தை முதலில் தண்ணீரில் முழுவதும் கரைத்துவிட்டு, அதில் காஸ்டிக்கைச் சிறுகச் சிறுகச் சேருங்கள். சூடு வழக்கத்தைவிட வேகமாக ஏறும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அருகில் போகாதீர்கள்.

மோனோஹைட்ரேட், அன்ஹைட்ரஸ் என்று இரண்டு விற்கிறார்கள். எதை வாங்குவது?

அன்ஹைட்ரஸ் என்றால் நீரற்றது. மோனோஹைட்ரேட்டில் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்திருக்கும். எடையில் சுமார் 8.6 சதவீதம் தண்ணீர். சமையலுக்கு எதுவானாலும் சரி. சோப்புக் கணக்கில் மோனோஹைட்ரேட்டுக்கு 0.62-க்குப் பதில் 0.57 போட வேண்டும்.

பாத் பாம் செய்வதானால் அன்ஹைட்ரஸ்தான் வேண்டும். குளிக்கும் தண்ணீரில் போட்டதும் பொங்கும் அந்த உருண்டை, சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் உலர்ந்த நிலையில் சேர்ந்தது. பெரும்பாலும் 2 பங்கு சோடாவுக்கு 1 பங்கு அமிலம். தண்ணீர் பட்டால்தான் வினை நடக்கும் என்பதால் ஈரப்பதம் மிகுந்த நாளில் செய்தால் அச்சிலேயே உப்பி வெடித்துவிடும். கலவையைப் பிடிக்க வைக்கத் தண்ணீர் தெளிக்காமல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளிப்பது இதனால்தான். பொங்கும்போது கைவைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கும். அந்த வினை சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

கெட்டில், குழாய் உப்புக்கறைக்கும் இதே தூளைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி கரைத்து அரை மணி ஊறவிட்டு, நன்றாகக் கழுவுங்கள். தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டாம். கால்சியம் சிட்ரேட் சூட்டில் குறைவாகவே கரையும் என்பதால் வெள்ளையாக மறுபடி படியக்கூடும். பளிங்குக் கல், சுண்ணாம்புக் கல் தரையில் பட்டால் பளபளப்பு போய்விடும், அந்தக் கற்களும் கெட்டில் கறையும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். அலுமினியப் பாத்திரத்திலும் ஊறவிடாதீர்கள். பிளீச்சிங் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்; குளோரின் வாயு வெளிவரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

இறுக மூடும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவில், உலர்ந்த இடத்தில், பெயர் எழுதி வையுங்கள். பார்க்கச் சர்க்கரை போலவே இருப்பதால் பெயர் எழுதுவது முக்கியம். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஈரம் பட்டால் கட்டிதட்டும். உடைத்துச் சமையலுக்குப் பயன்படுத்தலாம், பாத் பாமுக்கு ஆகாது. தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். ஓடும் நீரில் 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, எரிச்சல் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். தண்ணீரில் கரைத்து வைத்த 10 சதவீதக் கரைசலை வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். அவ்வளவு புளிப்பிலும் பூசணம் வளரும். தேவைப்படும்போது புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.